உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து நாடுகளும் நம்ம சிறுசேரியும்

சிறுசேரி சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவருக்கும், கேளம்பாக்கத்தில் காய்கறிக் கடை வைத்திருப்பவருக்கும், தாம்பரத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருபவருக்கும் வெளியுறவு என்பது டெல்லி சமாச்சாரம். ஆனால் அது நம் சாலையின் பெயரிலும், செல்போனிலும், டிசம்பர் புயலிலும், ரயில் டிக்கெட்டிலும் இருக்கிறது. அண்டை நாடுகள் ஒத்துப்போனால் என்ன வருகிறது, முறைத்துக்கொண்டால் என்ன போகிறது? இந்தத் தென்சென்னைப் பக்கத்திலிருந்தே தொடங்கிச் சில செய்திகள்.

● சாலையின் பெயர்

நாம் ஓஎம்ஆர் என்று சொல்லும் சாலைக்கு அரசு வைத்த பெயர் ராஜீவ் காந்தி சாலை. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவோடு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அவர். இலங்கையில் மாகாண சபைகள் வந்தது அந்த ஒப்பந்தத்தால்தான். அங்கே போன இந்திய அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் கையால் உயிரும் உடைமையும் இழந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். 1990 மார்ச்சில் படை திரும்பியது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். இரண்டு அரசுகள் கைகுலுக்கினால் மட்டும் அமைதி வந்துவிடாது, சண்டையில் நேரடியாகச் சிக்கியிருப்பவர்களின் சம்மதமும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

● ஒரே கேபிளில் இந்தியாவும் பாகிஸ்தானும்

சிப்காட்டிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நடக்கும் வீடியோ கால் வானத்துச் செயற்கைக்கோள் வழியாகப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது போவது கடலுக்கு அடியில். கண்ணாடி இழை வைத்த கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. 2002-ல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ-டு-ஐ கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளம்.

2005-ல் முடிந்த சீ-மீ-வீ 4 இன்னும் சுவாரசியமானது. சிங்கப்பூரில் தொடங்கி பிரான்சில் முடியும் அந்த ஒரே கேபிள் மலேசியா, தாய்லாந்து, வங்கதேசம், இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் என்று 14 நாடுகளில் கரையேறுகிறது. சென்னை, கொழும்பு, மும்பை, கராச்சி நான்கும் ஒரே வரிசையில் வரும் ஊர்கள். எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் நாளிலும் இந்தக் கேபிளைச் சேர்ந்துதான் பராமரிக்க வேண்டும். 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இதுவும் இன்னொரு கேபிளும் அறுந்தபோது இந்தியாவின் இன்டர்நெட் பல நாள் திணறியது. எங்கோ நடந்ததற்கு இங்கே ஏன் ஸ்லோ என்று அன்று கேட்டவர்களுக்குப் பதில் கடலடியில் கிடந்தது.

● திரிபுராவுக்கு வங்கதேசத்து இன்டர்நெட்

2016 மார்ச்சில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ஏறும் கேபிளிலிருந்து அகர்தலாவுக்கு 10 ஜிகாபிட் இணைப்பு கிடைத்தது. அதே நாளில் திரிபுராவிலிருந்து வங்கதேசத்துக்கு 100 மெகாவாட் மின்சாரம் போகத் தொடங்கியது. திரிபுராவின் பாலாட்டானா மின்நிலையத்துக்கான கனரக இயந்திரங்களே வங்கதேசத்து ஆறு, சாலை வழியாகத்தான் வந்து சேர்ந்தன. அந்த வழி இல்லையென்றால் மலைப்பாதையில் சிலிகுரி சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்திருக்கும்.

● வர்தாவுக்குப் பெயர் வைத்த நாடு

2016 டிசம்பர் 12-ல் தாம்பரத்திலிருந்து கோவளம் வரை மரங்களைச் சாய்த்துப்போட்ட வர்தா புயலுக்குப் பெயர் கொடுத்தது பாகிஸ்தான். 2023 டிசம்பரில் முடிச்சூரையும் பெரும்பாக்கத்தையும் மூழ்கடித்த மிக்ஜாம் மியான்மர் கொடுத்த பெயர். கஜா இலங்கையுடையது. நிவர் ஈரானுடையது. மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம், ஃபெஞ்சல் சவூதி அரேபியா.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் பெரிய துயரம் ஒன்று இருக்கிறது. 1970-ல் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் 1972-ல் வங்கக்கடல், அரபிக்கடல் நாடுகள் சேர்ந்து புயல் குழு அமைத்தன. 2004-லிருந்து முதலில் 8 நாடுகள் முறை வைத்துப் பெயர் கொடுத்தன. பிறகு அது 13 நாடுகளானது. 2020-ல் வந்த புதுப் பட்டியலில் ஆளுக்கு 13 வீதம் 169 பெயர்கள். இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு', 'நீர்' என்ற தமிழ்ப் பெயர்களும் உண்டு.

பெயர் வெளியே தெரியும் பகுதிதான். உள்ளே நடப்பது தகவல் பரிமாற்றம்: டெல்லியிலுள்ள வட்டார மையம் புயலின் பாதையையும் வேகத்தையும் இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது. பேச்சுவார்த்தை நின்றுபோன அண்டை நாட்டுக்கும் அந்த அறிக்கை நிற்பதில்லை.

● சுனாமிக்குப் பிறகு

2004 டிசம்பர் 26 காலை அலை வந்தபோது இந்தியப் பெருங்கடலுக்கென்று ஒரு எச்சரிக்கை அமைப்பு கிடையாது. சுமத்ராவில் நிலம் அதிர்ந்து நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், கோவளம் குப்பத்தில் யாருக்கும் சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தார்கள். இலங்கையில் 30,000-க்கும் மேல்.

2007-ல் ஐதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2011-லிருந்து இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தியப் பெருங்கடல் நாடுகள் அனைத்துக்கும் எச்சரிக்கை தருகின்றன. ஒரு நாட்டின் நிலநடுக்கமானி, இன்னொரு நாட்டின் கடல்மிதவை, மூன்றாவது நாட்டின் அலைமானி எல்லாம் சேர்ந்தால்தான் சில நிமிடங்களில் செய்தி வரும். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. சென்னையிலும் ஆட்டம் உணரப்பட்டு, ஓஎம்ஆர் ஆபீஸ்களிலிருந்து ஆட்கள் படியிறங்கி ஓடிவந்து ரோட்டில் நின்றார்கள். பெரிய அலை வராது என்பது அன்றே தெரிந்துவிட்டது. 2004-ல் இப்படி ஒரு தகவல் வந்திருந்தால்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் கரையிலேயே பிணங்களை எடுத்துக்கொண்டிருந்த இந்தியா, 24 மணி நேரத்துக்குள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. அதை அந்நாட்டு மக்கள் மறக்கவில்லை.

● மாலேவுக்குத் தண்ணீர்

2014 டிசம்பர் 4-ல் மாலத்தீவின் தலைநகரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குழாயில் சொட்டு இல்லை. மறுநாளே இந்திய விமானங்கள் குடிநீரோடு இறங்கின. பின்னாலேயே கப்பல்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் தண்ணீரைக் குடிக்கும் நமக்கு அந்த அவதி புரியும்.

● கல்பாக்கமும் ஜனவரி 1-ம்

சிறுசேரிக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். இப்படிப்பட்ட நிலையங்களுக்காக ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1-ந்தேதி டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் ஒரு சடங்கு நடக்கிறது. இந்தியா தன் அணு நிலையங்களின் பட்டியலைப் பாகிஸ்தான் தூதரகத்திடம் கொடுக்கும். பாகிஸ்தான் தன் பட்டியலை இந்தியத் தூதரகத்திடம் கொடுக்கும். போர் வந்தாலும் இந்த இடங்களைத் தாக்கமாட்டோம் என்று 1988 டிசம்பர் 31-ல் போட்ட ஒப்பந்தம் அது. மின் உற்பத்தி உலை, ஆராய்ச்சி உலை, எரிபொருள் நிலையம் எல்லாம் அதில் அடக்கம்.

1992-ல் முதல் பட்டியல் கைமாறியது. அதற்குப் பிறகு கார்கில் வந்தது, நாடாளுமன்றத் தாக்குதல் வந்தது, மும்பை வந்தது, புல்வாமா வந்தது. ஒரு ஆண்டும் நிற்கவில்லை. 2025 மே மாத மோதலுக்குப் பின் வந்த புத்தாண்டிலும் நடந்தது. அதே நாளில் இன்னொரு பட்டியலும் மாறும்: ஒருவர் சிறையில் இருக்கும் மற்றவரின் கைதிகள், மீனவர்கள் பெயர்கள். 2008 ஒப்பந்தப்படி அது ஜூலை 1-லும் உண்டு. குஜராத் மீனவர் ஒருவர் கராச்சிச் சிறையில் உயிரோடு இருக்கிறார் என்று அவர் வீட்டுக்குத் தெரியவருவது பல நேரம் இந்தக் காகிதத்தால்.

பத்திரிகைகளில் இதற்கு இரண்டு பத்திச் செய்திகூடக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், பெரிய மாநாடுகளைவிட மதிக்க வேண்டியது இப்படி ஓசையில்லாமல் நடக்கும் வேலையைத்தான்.

● மாமல்லபுரத்தில் இரண்டு நாள்

பெரிய மாநாடும் நம் பக்கத்தில் நடந்திருக்கிறது. 2019 அக்டோபர் 11 மாலை, வேட்டி கட்டிய பிரதமர் மோடி, சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று சுற்றிக் காட்டினார். மறுநாள் பேச்சு நடந்தது கோவளம் கடற்கரை ஓட்டலில். சிறுசேரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போகும் அதே கோவளம்தான். தமிழ்நாட்டுக்கும் சீனத்தின் ஃபூஜியான் மாகாணத்துக்கும் சகோதர உறவு ஏற்படுத்துவது என்றும் முடிவானது.

எட்டு மாதம்தான். 2020 ஜூன் 15-ல் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் மாண்டார்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் ஒருவரும் அதில் ஒருவர். அந்த எல்லையில் 45 ஆண்டுகளில் முதல் உயிர்ப்பலி அது. அன்று ஒரு தோட்டாகூடச் சுடப்படவில்லை, கல்லும் கம்பியும்தான். காரணம், எல்லைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று 1996-ல் போட்ட ஒப்பந்தம். கோவளத்துப் பேச்சு தடுக்காததை, 24 ஆண்டுக்கு முந்தைய அந்தக் காகிதம் கொஞ்சமாவது கட்டுப்படுத்தியது. இல்லையேல் அந்த இரவு இன்னும் எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதற்குப் பின் சீனச் செயலிகள் தடையானது தெரிந்ததே. சீன முதலீட்டுக்கு முன் அனுமதி கட்டாயமானதும், நேரடி விமானங்கள் நின்றதும் அதற்குச் சில மாதம் முன்பே. ரோந்து குறித்து 2024 அக்டோபரில் உடன்பாடு வந்தது. நேரடி விமானம் திரும்பப் பறக்க 2025 அக்டோபர் ஆனது.

● சீனத்துறைமுகத்தில் தமிழ்க் கல்வெட்டு

ஃபூஜியானைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்குள்ள சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. குப்லாய் கான் ஆட்சியில் தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியிருந்தார்கள்.

● மாமல்லன் அனுப்பிய படை

அரசுரிமை இழந்த இலங்கை இளவரசன் மானவர்மன் காஞ்சியில் மாமல்லன் எனப்பட்ட நரசிம்மவர்ம பல்லவனிடம் தஞ்சம் புகுந்தான். பல்லவனுக்காகச் சாளுக்கியரோடு போரிட்டான். பதிலுக்குப் பல்லவன் கப்பற்படை கொடுத்தனுப்பினான். முதல்முறை வெற்றி கைக்கு வரும் நேரத்தில், பல்லவ மன்னன் நோயுற்றான் என்று கேட்டுப் படை திரும்பிவிட்டது. இரண்டாம் முறை அரியணை கிடைத்தது. இதைச் சொல்வது இலங்கையின் சூளவம்சம்.

● தாம்பரம் வழியாகக் கொழும்பு

எழும்பூரில் ஏறி, தாம்பரம் தாண்டி, கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போக முடிந்த காலம் உண்டு. போட் மெயில் என்று பெயர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், அங்கே இன்னொரு ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போனது. 1980-களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. புயல் அழித்ததைத் திரும்பக் கட்டலாம். போர் நிறுத்தியதைத் திரும்பத் தொடங்கத்தான் ஒரு தலைமுறை ஆகிறது.

2025 ஏப்ரல் 6-ல் பிரதமர் அனுராதபுரத்தில் இந்திய உதவியோடு சீரமைத்த ரயில் பாதையைத் தொடங்கிவைத்துவிட்டு, நேராக ராமேஸ்வரம் வந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். அன்று கொடியசைத்து அனுப்பிய புது ரயில் எது தெரியுமா? ராமேஸ்வரம்–தாம்பரம் எக்ஸ்பிரஸ்.

● பலாலி, காங்கேசன்துறை

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமானது. சென்னையிலிருந்து விமானம் போகத் தொடங்கியது. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அக்காவின் பிள்ளைகளைப் போட்டோவில் மட்டும் பார்த்திருந்த குடும்பங்களுக்கு இந்தக் கப்பலின் அருமை தெரியும்.

● அரிசிக் கப்பல்

2022-ல் இலங்கைக் கஜானா காலியானது. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. மார்ச் மாதமே அங்கிருந்து மக்கள் குழந்தைகளோடு படகேறி, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்கத் தொடங்கினார்கள். அண்டை வீட்டில் அடுப்பு அணைந்தால் நம் வாசலுக்கு ஆள் வரும் என்பது அந்த மணல்திட்டுகளில் கண்முன் நடந்தது.

இந்திய அரசு அந்த ஆண்டு ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. தமிழ்நாடு தனியாக 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 28 கோடி ரூபாய் மருந்து தர முடிவெடுத்தது. முதல் கப்பல் மே 18-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் கொடுங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள், அப்படியே கொடுக்கப்பட்டது. போரில் அவ்வளவு இழந்தவர்கள் வைத்த அந்த வேண்டுகோள் எனக்கு அரிசியைவிடப் பெரிதாகப் படுகிறது.

● பாக் நீரிணையில் யாருடைய வலை?

ஒத்துழைப்பு இல்லாமல் போனால் என்னாகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. கோட்டைப் பற்றி இரண்டு அரசுகளும் பேசின. மீனைப் பற்றி, அதைப் பிடிப்பவர்களைப் பற்றி ஒழுங்காகப் பேசவில்லை.

போர்க்காலத்தில் வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் கடலில் இறங்க முடியாமல் கிடந்தார்கள். 2009-க்குப் பிறகு அவர்கள் திரும்பியபோது, இந்தப் பக்கத்து இழுவைமடி விசைப்படகுகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. விசைப்படகு அடியோடு வாரிக்கொண்டு போகும்போது அவர்கள் பாய்ச்சி வைத்த வலையும் அறுந்து போகும். கடன் வாங்கி வாங்கிய வலை அது. கோவளத்திலும் செம்மஞ்சேரி குப்பத்திலும் ஃபைபர் போட்டில் போகும் மீனவர்களுக்கு அந்த நஷ்டம் எப்படியிருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபக்கம், இலங்கையில் பிடிபட்ட ராமேஸ்வரம் மீனவரின் வீட்டில் அடுத்த வேளைக்கு வழியிருக்காது. படகு அங்கேயே கிடந்து மக்கும். இரண்டு பக்கமும் தமிழர்கள். இரண்டு பக்கமும் ஏழைகள்.

2014 ஜனவரியில் சென்னையில் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். 2016-ல் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு இங்கே ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற மானியத் திட்டம் வந்தது. மீனவர்கள் உட்கார்ந்து பேசிய வழிதான் சரியான வழி. அதை விட்டுவிட்டுத் தேர்தலுக்குத் தேர்தல் கச்சத்தீவை மேடையேற்றுவதால் ஒரு வலைகூட மிஞ்சப்போவதில்லை.

அந்தச் சின்னத் தீவில் ஆண்டுக்கொருமுறை அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் பாஸ்போர்ட் இல்லாமல் கூடுகிறார்கள். யாத்திரிகர் போய்வரும் உரிமை 1974 ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

● கேட்காமல் போட்ட ஒப்பந்தம்

எல்லா ஒத்துழைப்பும் நல்லதல்ல. 1964 அக்டோபர் 30-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 மலையகத் தமிழரைப் பங்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். 1974-ல் அந்த மீதியும் பாதிப்பாதியானது. இரு நாட்டு உறவு அன்று சுமுகமானது. நாலு தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள்.

● கொழும்பு நம் துறைமுகமும்கூட

கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாறும் கண்டெய்னர்களில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவதும் இந்தியாவிலிருந்து போவதும்தான். 2025 மே மாதம் கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகம் திறந்தபின் இனி போட்டியும் இருக்கும்.

● தடையில்லா வணிகம்

இந்தியா இலங்கையோடு 1998 டிசம்பரில் கையெழுத்திட்ட தடையில்லா வணிக ஒப்பந்தம் 2000 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகும் கிராம்பும் சுங்கமின்றி இங்கே வரத் தொடங்கியது அந்த ஒப்பந்தத்தால்தான்.

● நூற்றுக்கு ஐந்து

தெற்காசிய நாடுகள் உலகத்தோடு செய்யும் வணிகத்தில் தங்களுக்குள் செய்துகொள்வது ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்கிறது உலக வங்கி. தென்கிழக்காசிய நாடுகளில் அது நாலில் ஒரு பங்கை ஒட்டி வரும். 1985-ல் தொடங்கிய சார்க் அமைப்பின் கடைசி உச்சிமாநாடு நடந்தது 2014-ல், காத்மாண்டுவில்.

● நிலக்கரியில் தொடங்கிய ஐரோப்பா

எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை மோதிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் 1951-ல் இன்னும் நாலு நாடுகளோடு சேர்ந்து நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின்கீழ் கொண்டுவர ஒப்பந்தம் போட்டன. பீரங்கி செய்யத் தேவையான இரண்டுமே பொதுவானபின் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போருக்குத் தயாராக முடியாது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வேர் அது.

● மூன்று நாடு, ஒரு மின்கம்பி

2024 நவம்பர் 15-ல் நேபாளத்து நீர்மின்சாரம் 40 மெகாவாட், இந்தியக் கம்பி வழியாக வங்கதேசம் போய்ச் சேர்ந்தது. நேபாளத்தில் மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சும். வங்கதேசத்துக்கு அப்போது தேவை. நடுவில் இருப்பது நாம். பூடானில் 336 மெகாவாட் சுக்கா நிலையத்தை 1980-களில் இந்தியா கட்டிக்கொடுத்தது. அங்கிருந்து மின்சாரம் இங்கே வர, அந்தப் பணத்தில் பூடான் பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகிறது.

● நாட்டுக்குள் நாடு, அதற்குள் நாடு

இந்திய–வங்கதேச எல்லையில் 162 நிலத்துண்டுகள் தவறான பக்கத்தில் கிடந்தன. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டு. இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டு. தஹாலா காக்ராபாரி என்ற இடம் அப்போது இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேசம். அதைச் சுற்றி இந்தியா. அதையும் சுற்றி வங்கதேசம்.

அங்கே பிறந்தவர்களுக்கு மின்சாரம் இல்லை, ரேஷன் இல்லை, ஓட்டு இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, அக்கம்பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1974-ல் இந்திரா–முஜிப் ஒப்பந்தம் வந்தும் 41 ஆண்டு இழுத்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறி, 50,000-க்கும் மேற்பட்டோர் ஒரு நாட்டின் குடிமக்கள் ஆனார்கள். இதில் இந்தியாவுக்கு நிலக்கணக்கில் நஷ்டம்தான். ஆனாலும் இதற்கான சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு, வங்கக்கடல் எல்லை வழக்கில் ஹேக் நடுவர் மன்றம் பெரும்பகுதியை வங்கதேசத்துக்குக் கொடுத்தபோதும் இந்தியா மறுபேச்சின்றி ஏற்றது.

● வராத நோயாளிகள்

மருத்துவத்துக்காக இந்தியா வரும் வெளிநாட்டவரில் வங்கதேசத்தவரே அதிகம். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபின் விசா சுருங்கியது. வேலூர், சென்னை மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை, வங்காளம் பேசும் உதவியாளர் எல்லாருக்கும் வருமானம் அடிபட்டது. அதைவிட மோசம், பாதி சிகிச்சையில் ஊர்போய்த் திரும்ப முடியாமல் நின்றவர்களின் நிலைமை.

● பரங்கிமலையில் பூடான் வீராங்கனைகள்

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பூடான், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் பெண்களும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

● திம்புவில் யுபிஐ

யுபிஐ முறையை முதலில் ஏற்ற அண்டை நாடு பூடான், 2021-ல். இலங்கையில் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் 2023-லிருந்து அந்நாட்டின் பேநவ் வழியாக வீட்டுக்குப் போனிலேயே பணம் போடலாம்.

● சிங்கப்பூர் குழாயில் மலேசியத் தண்ணீர்

1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். 1,000 காலனுக்கு 3 சென். 2061 வரை செல்லும். விலையைப் பற்றி எத்தனையோ சண்டை வந்தும் குழாய் மூடப்படவில்லை. சிங்கப்பூரும் சும்மா இருக்கவில்லை. 2003-லிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்துத் தன் கையிருப்பைப் பெருக்கிக்கொண்டது.

● கிருஷ்ணா வந்த வழி

நாட்டுக்கு நாடு போல மாநிலத்துக்கு மாநிலமும்தான். கிருஷ்ணா நீரில் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டிஎம்சி சென்னைக்கு விட்டுக்கொடுக்க 1976-ல் சம்மதித்தன. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கால்வாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். பூண்டி ஏரிக்குத் தண்ணீர் வந்தது 1996-ல்.

● சிந்துவும் கங்கையும்

1960-ன் சிந்து நதி ஒப்பந்தம் 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி நின்றது. பஹல்காம் படுகொலைக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது.

வங்கதேசத்தோடு 1996 டிசம்பர் 12-ல் போட்ட கங்கை ஒப்பந்தம் 30 ஆண்டுக்கு. ஃபராக்கா அணையில் ஜனவரி 1 முதல் மே 31 வரை பத்துப் பத்து நாளாகத் தண்ணீரைப் பிரிக்கிறார்கள். 70,000 கன அடிக்குக் கீழே போனால் சரிபாதி. 2026 டிசம்பரோடு அதன் காலம் முடிகிறது. புது ஒப்பந்தத்தில் மேற்கு வங்கத்தின் குரலும், கொல்கத்தாத் துறைமுகத்தின் தேவையும், பத்மா கரை விவசாயியின் கோடைச் சாகுபடியும் மூன்றும் இடம்பெற வேண்டும்.